பதினேழரை விநாடிக் கவசம்

துணி வியாபாரத்தில் இருப்பவர்கள் நூல் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி வைத்திருக்கிறார்கள். துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, விரலால் முறுக்கி, தீக்குச்சியில் காட்டுவார்கள். பருத்தி சட்டென்று பற்றிக்கொள்ளும். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர், சுடர் கிட்டே வருமுன்பே சுருங்கிப் பின்வாங்கும். பிறகு உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாகிவிடும். கம்பளி மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு பொரிந்து, தீக்குச்சியை விலக்கியதும் பெரும்பாலும் அணைந்துவிடும். தீயணைப்பு வீரரின் மேலங்கியிலிருந்து எடுத்த நூல் இந்த மூன்றையும் செய்யாது. கறுக்கும், விறைக்கும், அவ்வளவுதான். உருகாது, சொட்டாது. சுடரை விலக்கினால் அதோடு சரி.

இதைப் பார்த்தவர் யாரும் அதை ‘எரியாத துணி’ என்றுதான் சொல்வார். தொழிற்சாலைக்குச் சீருடை வாங்குகிற அதிகாரி, விற்கிற முகவர், போட்டுக்கொள்கிற தொழிலாளி எல்லாரும் அந்த எண்ணத்தில்தான் இருக்கிறார்கள். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. துணி எரியுமா என்பது பாதிக் கேள்வி. உள்ளே இருக்கும் தோல் எத்தனை விநாடி தாங்கும் என்பது மீதிப் பாதி. வெப்பம் தாங்கும் இழைகளைத் தேடி வேதியியலாளர்கள் அலைந்த கதை முழுவதும் முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு வந்து சேர்ந்த கதைதான்.

எரியவே எரியாத இழை மனிதனுக்குப் பல நூற்றாண்டுகளாகவே தெரியும். கல்நார் பாறையிலிருந்து பிரித்தெடுத்து நெய்யப்படுவது. சுடரில் நாள் முழுக்கப் பிடித்தாலும் பற்றாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலைத் தொழிலாளியின் கையுறை, தீப்போர்வை, நாடக அரங்கின் திரை என்று எங்கும் அதுதான் இருந்தது. ஆனால் அதன் நுண்ணிழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கின. இருபது, முப்பது ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிவந்தன. எரியாமையில் முதலிடம் வாங்கிய இழை உடையாகத் தோற்றுப்போனது. உடம்பில் போடுகிற துணி எரியாமல் இருந்தால் மட்டும் போதாது. மடங்க வேண்டும், துவைக்கப்பட வேண்டும், வியர்வையை விட வேண்டும், போட்டவரைக் கொல்லாமல் இருக்க வேண்டும்.

துணி எப்படி எரிகிறது என்று பார்த்தால்தான் மற்றவை புரியும். சுடராக எரிவது துணியல்ல, துணியிலிருந்து வரும் வாயு. சூடேறும்போது இழையின் நீண்ட மூலக்கூறுகள் அறுந்து, எரியக்கூடிய வாயுக்களாக வெளியேறுகின்றன. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சுடராகின்றன. சுடரின் வெப்பம் திரும்பத் துணியின் மேல் விழுந்து இன்னும் வாயுவைக் கிளப்புகிறது. பருத்தியில் இந்த வட்டம் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வேகம் பிடிக்கும். வட்டத்தை எங்காவது ஓர் இடத்தில் அறுத்துவிட்டால் தீ அணைந்துவிடும். வாயு வராதபடி இழையைக் கரியாக்கிவிடலாம். சுடருக்குள் நடக்கும் வேதிவினையைக் குளோரினோ புரோமினோ கொண்டு இடைமறிக்கலாம். நீராவியை வெளிவிடச் செய்து குளிர்விக்கலாம். இன்றைக்குச் சந்தையில் இருக்கும் தீத்தடுப்புத் துணிகள் எல்லாம் இவற்றில் ஒன்றையோ இரண்டையோ நம்பியிருப்பவைதான்.

பாலியஸ்டரும் நைலானும் இந்தக் கணக்கில் வேறு ஒரு வழியில் ஆபத்தானவை. தனியாக இருக்கும்போது அவை உருகிச் சொட்டி, சுடரிலிருந்து விலகிப்போவதும் உண்டு. அதனால் சில எளிய சோதனைகளில் நல்ல பெயர்கூட வாங்கிவிடும். ஆனால் சொட்டுகிற இடம் தோலாக இருந்தால்? 260 டிகிரிப் பக்கம் உருகும் பிளாஸ்டிக் தோலில் ஒட்டிக்கொண்டே ஆறுகிறது. பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போகாதே என்று நம் வீடுகளில் சொன்னது வெறும் பயமல்ல. ஈராக்கில் இருந்த அமெரிக்க மரீன் படையினர் முகாமுக்கு வெளியே போகும்போது செயற்கை இழை விளையாட்டு பனியன்கள் போடக் கூடாதென்று 2006-இல் தடை வந்தது. காரணம் இதுவேதான். பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணி இன்னும் மோசம். பருத்தி கரிந்து கூடாக நிற்க, உருகிய பாலியஸ்டர் அதில் ஊறி எரிகிறது. விளக்குத் திரியும் எண்ணெயும் போல. நம் ஊர்த் தொழிற்சாலைச் சீருடைகளில் பெரும்பகுதி எந்தக் கலவை என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

இழையை மாற்றாமல், இருக்கிற துணிக்கு மருந்து ஏற்றும் வழிதான் முதலில் வந்தது. 1735-இல் இங்கிலாந்தில் ஒபேடையா வைல்டு என்பவர் படிகாரம், வெண்காரம் முதலியவற்றைக் கொண்டு துணியைப் பதப்படுத்தக் காப்புரிமை வாங்கினார். பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி நாடக அரங்குத் துணிகள் தீப்பிடிப்பதைத் தடுக்க வழி கேட்டபோது, வேதியியலாளர் கே-லூசாக் அம்மோனியம் பாஸ்பேட், வெண்காரம் போன்ற உப்புகளைச் சோதித்து 1821-இல் வெளியிட்டார். இருநூறு ஆண்டு கழித்தும் பாஸ்பரஸ் இந்தத் துறையின் முதுகெலும்பாக இருக்கிறது. சூட்டில் அது அமிலமாகி, பருத்தியிலிருந்து தண்ணீரை இழுத்துவிட்டுக் கரியை மட்டும் விட்டுவைக்கிறது. எரியக்கூடிய வாயுவுக்கு வழியில்லை.

உப்புகளின் தொல்லை, தண்ணீரில் போட்டால் போய்விடும் என்பது. திரைச்சீலைக்குச் சரி, தினமும் துவைக்கிற உடைக்கு ஆகாது. பிரிட்டனில் ஏழைக் குழந்தைகள் போட்டிருந்த மலிவான, பஞ்சு எழுப்பிய பருத்தி ஃபிளானலெட் உடைகள் அடுப்பு நெருப்பில் பற்றிக்கொண்டு பல உயிர்களை வாங்கின. மாவ் சாயத்தைக் கண்டுபிடித்த பெர்கினின் மகன் வில்லியம் பெர்கின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளீய உப்பை நூலுக்குள்ளேயே படியவைத்து, சலவையில் போகாத முறையை உருவாக்கினார். பிற்பாடு, 1950-களில், பாஸ்பரஸ் சேர்மம் ஒன்றைப் பருத்திக்குள் ஊறவைத்து, அம்மோனியாவால் உள்ளேயே கெட்டிப்படுத்தும் முறை வந்தது. ப்ரோபான் என்ற வணிகப் பெயரில் இன்றும் உலகமெங்கும் வெல்டிங் தொழிலாளிகளும் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிகளும் போடுவது பெரும்பாலும் இந்த வழியில் வந்த பருத்திதான். விலை கட்டுப்படியாகும், தோலுக்கு இதம், பல பத்துச் சலவை தாங்கும்.

மருந்தேற்றும் வழியில் ஒரு பெரிய சறுக்கலும் நடந்தது. அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடை எளிதில் பற்றக் கூடாதென்று சட்டம் வந்ததும், டிரிஸ் எனப்படும் புரோமின் சேர்மத்தைத் துணியில் சேர்த்தார்கள். அது மரபணுவைச் சிதைக்கக்கூடியது என்று புரூஸ் ஏம்ஸும் ஆர்லீன் ப்ளமும் 1977 ஜனவரியில் எழுதினார்கள். சில மாதங்களிலேயே குழந்தை உடைகளில் அதற்குத் தடை வந்தது. (அதே ஆர்லீன் ப்ளம்தான் மறு ஆண்டு அன்னபூர்ணா சிகரத்துக்குப் பெண்கள் அணியை அழைத்துப்போனவர்.) எரியாமல் காப்பாற்றியதா, நஞ்சாகத் தோலில் சேர்ந்ததா என்று இரண்டு கணக்கும் பார்க்க வேண்டும் என்ற பாடத்தைக் கல்நாருக்குப் பிறகு இந்தத் துறை மறுபடி படித்தது. தீயணைப்பு உடைகளில் நீர் ஒட்டாமலிருக்கச் சேர்க்கப்படும் ஃபுளோரின் சேர்மங்களைப் பற்றி இப்போது நடக்கும் விவாதத்தைப் பார்த்தால், மூன்றாவது முறையும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

இரண்டாவது வழி, மருந்தே வேண்டாம், மூலக்கூறையே வேறாகக் கட்டலாம் என்பது. நைலானின் மூலக்கூறு வளையக்கூடிய கார்பன் சங்கிலி. சூடானால் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. அதைத்தான் உருகுதல் என்கிறோம். அந்தச் சங்கிலியில் நெளிகிற பகுதிகளை எடுத்துவிட்டு, விறைப்பான பென்சீன் வளையங்களை வைத்தால் என்ன? அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் 1950-களில் இந்தக் கேள்வியைத் துரத்தினார்கள். காகிதத்தில் எளிது. செய்வதில் முட்டுக்கட்டை: இப்படிப்பட்ட பொருள் உருகுமுன்பே சிதைந்துவிடும். நைலானைப் போல உருக்கி, சல்லடைத் துளை வழியே பிழிந்து நூலாக்க முடியாது. உருகாத குணத்தை விரும்பித்தான் அதைச் செய்கிறோம். அந்தக் குணமே நூல் நூற்கவிடாமல் தடுக்கிறது.

பால் மார்கனும் ஸ்டெஃபனி குவோலெக்கும் வளர்த்தெடுத்த குறைந்த வெப்பநிலை வினைமுறைகள் வழி திறந்தன. உருக்காமல், கரைப்பானுக்குள்ளேயே மூலக்கூறைக் கட்டலாம். கரைசலாகவே துளை வழியே தள்ளி, கரைப்பானை நீக்கி நூலெடுக்கலாம். வில்ஃப்ரெட் ஸ்வீனி இந்த வழியில் நல்ல நூலாகும் அளவுக்கு நீண்ட மூலக்கூறைப் பெற்றார். ஆய்வகத்தில் எச்டி-1 என்று அழைக்கப்பட்ட அந்த இழை 1960-களில் நோமெக்ஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. உருகுவதில்லை. சுமார் 370 டிகிரிக்கு மேல் மெல்லச் சிதைந்து கரியாகிறது. இந்தத் தடுப்பு மேலே பூசியதல்ல, மூலக்கூறிலேயே இருப்பது. அதனால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

நோமெக்ஸில் வளையங்கள் கோணலாக இணைந்திருக்கின்றன. அந்தக் கோணல்தான் துணிக்கு வேண்டிய நெகிழ்வைத் தருகிறது. அதே வளையங்களை நேர்க்கோட்டில் இணைத்தபோது வேறொன்று பிறந்தது. 1965-இல் குவோலெக் செய்த கரைசல் வழக்கத்துக்கு மாறாகக் கலங்கலாக, தண்ணீர்போல இருந்தது. துளைகள் அடைத்துக்கொள்ளுமோ என்று நூற்கும் கருவியைக் கவனித்தவர் முதலில் தயங்கினாராம். நூற்றுப் பார்த்தால் எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலுவான கெவ்லார். குண்டு துளைக்காத சட்டையால் அது புகழ்பெற்றது. தீத்தடுப்பு உடையில் அதற்கு அதிகம் வெளியில் தெரியாத ஒரு வேலை இருக்கிறது.

தொழிலாளி உடைகளில் பரவலாக இருக்கும் நோமெக்ஸ் கலவையின் விகிதம் 93, 5, 2. நூற்றில் 93 பங்கு நோமெக்ஸ். தனி நோமெக்ஸ் கடுந்தீயில் சுருங்கி விரிசல் விடும். விரிசல் விட்ட இடத்தில் தீ நேரே தோலைத் தொடும். அதைத் தடுக்க 5 பங்கு கெவ்லார்: கரியான பிறகும் துணி கிழியாமல் இழுத்துப் பிடித்திருக்கும் எலும்புக்கூடு அதுதான். மீதி 2 பங்கு கார்பன் கலந்த இழை. உடையில் நிலைமின்சாரம் தேங்கி, எரிவாயு இருக்கும் இடத்தில் பொறி தட்டாமலிருக்க. இந்த மூன்று எண்களில் ஒன்றைக் குறைத்து மலிவாக்கினாலும் எங்கே ஓட்டை விழும் என்று எளிதில் சொல்லிவிடலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ‘எரியாது’ என்று சொல்ல முடியாதென்பதை 1967 ஜனவரி 27 காட்டியது. கேப் கென்னடி ஏவுதளத்தில் ஒத்திகைக்காக அப்பல்லோ-1 விண்கலத்துக்குள் கஸ் கிரிஸம், எட் ஒயிட், ரோஜர் சாஃபி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வெளிக்காற்றைவிடச் சற்றுக் கூடுதல் அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன். தீப்பற்றியது, மூவரையும் காப்பாற்ற முடியவில்லை. அவர்களின் விண்வெளி உடையின் மேலடுக்கு நோமெக்ஸ்.

ஓர் இழை தொடர்ந்து எரிய, சுற்றியுள்ள வாயுவில் குறைந்தது எத்தனை சதவீதம் ஆக்சிஜன் வேண்டும் என்று அளக்கும் முறையை ஃபெனிமோரும் மார்ட்டினும் அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியிட்டிருந்தார்கள். பருத்திக்கு 18, பாலியஸ்டருக்கு 20 அல்லது 21, கம்பளிக்கு 25, நோமெக்ஸுக்கு 28 முதல் 30. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதனால் பருத்தி நம் காற்றில் எரிகிறது, நோமெக்ஸ் அணைகிறது. நூறு சதவீத ஆக்சிஜனில் இந்த வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. தடுப்பு என்பது இழையின் தனிச்சொத்தல்ல. இழைக்கும் அது இருக்கும் சூழலுக்கும் நடுவே உள்ள கணக்கு. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் ஓடும் படுக்கைகளுக்கும் இது பொருந்தும்.

அப்பல்லோ உடைகளின் மேலடுக்கு அதன்பின் டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணியாக மாறியது. எரியாது, ஆனால் உராய்ந்தால் சீக்கிரம் தேயும், நாள்தோறும் போட்டு வேலை செய்கிற உடைக்கு லாயக்கில்லை. இதே காலத்தில் இன்னொரு இழை மீது கவனம் திரும்பியது. இலினாய் பல்கலைக்கழகத்து கார்ல் மார்வல் 1960-களின் தொடக்கத்தில் ஹெர்வர்ட் வோகலோடு சேர்ந்து வெளியிட்ட பாலிபென்சிமிடசோல், சுருக்கமாகப் பிபிஐ. அதற்கு 41 சதவீதம் ஆக்சிஜன் வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், காற்றிலிருந்து அது வாங்கிக்கொள்ளும் ஈரம் பருத்தியைவிட ஏறக்குறைய இரு மடங்கு. வெப்பம் தாங்கும் இழைகள் உடம்பில் பிளாஸ்டிக்காக உறுத்தும் என்ற பேச்சு இங்கே பொய்த்துப்போனது. ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு வர இருபது ஆண்டு ஆனது. 1983-இல் தென் கரோலினாவின் ராக் ஹில் நகரில் செலனீஸ் நிறுவனம் உற்பத்தி தொடங்கியது. விலை அதிகம் என்பதால் 40 பங்கு பிபிஐயும் 60 பங்கு கெவ்லாரும் கலந்து நெய்தார்கள். சாயம் எளிதில் ஏறாத இழை அது. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் பலரின் உடை பொன்பழுப்பாக இருப்பது அதன் இயற்கை நிறம்.

இனி தோலின் பக்கம். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஆலிஸ் ஸ்டோல் என்ற விஞ்ஞானி, எவ்வளவு வெப்பம் எத்தனை விநாடி பட்டால் தோல் கொப்பளிக்கும் என்று அளந்தார். தோலின் அடியடுக்கு 44 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே சேதம் தொடங்குகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சேதத்தின் வேகம் பன்மடங்காகிறது. நாம் காய்ச்சலுக்குப் பயப்படும் வெப்பநிலைக்கும் இதற்கும் நடுவே நாலைந்து டிகிரிதான். துணி நானூறு டிகிரி தாங்கும் என்று விளம்பரம் சொல்லும்போது கேட்க வேண்டியது, அந்த நானூறு டிகிரி உள்பக்கம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது.

ஸ்டோலின் அளவுகோலை வைத்துத்தான் இன்றைய தரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்கத் தரப்படி, கட்டடத் தீயில் இறங்கும் வீரரின் உடையை ஒரு சதுர மீட்டருக்கு 84 கிலோவாட் வெப்பத்தின் மேல் பிடிப்பார்கள். உச்சி வெயில் ஏறக்குறைய 1 கிலோவாட். அறை முழுதும் ஒரே வீச்சில் பற்றிக்கொள்ளும்போது இருக்கும் வெப்பம்தான் அந்த 84 கிலோவாட். உடையின் பின்பக்கம் இரண்டாம் நிலைத் தீக்காயம் உண்டாகும் அளவுக்கு வெப்பம் வந்து சேரக் குறைந்தது பதினேழரை விநாடி ஆக வேண்டும். அவ்வளவுதான் தேர்ச்சி. மூன்றடுக்கு உடைக்கு, உலகத்தின் விலையுயர்ந்த இழைகளுக்கு, பதினேழரை விநாடி. அதுவும் ஆய்வகத்தில், நனையாத, மடங்காத, புதுத் துணிக்கு.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத் தொழிலாளியின் ஒற்றையடுக்கு உடைக்கு வேறொரு சோதனை. நூற்றுக்கு மேற்பட்ட உணரிகள் பொருத்திய ஆளுயரப் பொம்மைக்கு உடையை மாட்டி, சுற்றிலும் எரிவாயுச் சுடரால் மூன்று விநாடி சூழ்வார்கள். உடம்பில் பாதிக்கு மேல் தீக்காயம் காட்டாவிட்டால் அமெரிக்கத் தரப்படி தேர்ச்சி. ‘பாதி வெந்தால் தேர்ச்சியா?’ என்று முதன்முறை கேட்கிறவர் திடுக்கிடுவார். நியாயம்தான். ஆனால் சாதாரண உடையில் சட்டை தொடர்ந்து எரிந்து உடம்பு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். வெந்த பரப்பு குறையக் குறையப் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்த வித்தியாசத்துக்குத்தான் இந்த உடை. எரிவாயு திடீரென்று பற்றி அடங்கும் விபத்தில் தப்பி ஓட இருப்பது சில விநாடிதான்.

2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ரோமெய்ன் க்ரோஜானின் கார் தடுப்பு வேலியில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பிழம்பானது. சுமார் 28 விநாடி தீக்குள் இருந்து அவர் தானே வெளியே வந்தார். பல அடுக்கு உடை, உள்ளாடை, தலையுறை எல்லாம் சேர்ந்து உடம்பைக் காத்தன. வெந்தது கைகள். காரின் சட்டங்களைப் பற்றி எழ வேண்டியவை கைகள்தான். ஸ்டீயரிங்கை உணர வேண்டும் என்பதால் கையுறையும் மெல்லியது. உடையின் எந்த இடம் மெல்லியதோ, எங்கே அழுந்துகிறதோ அங்கேதான் வெப்பம் முதலில் நுழையும்.

வெப்பத்தை உண்மையில் தடுப்பது இழையைவிட அதிகமாக இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று. தீயணைப்பு உடையில் வெளியடுக்கு சுடரையும் கிழிசலையும் பார்த்துக்கொள்கிறது. நடு அடுக்கு தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. உள்ளடுக்கு பஞ்சு மெத்தையாகக் காற்றைப் பிடித்துவைக்கிறது. பெரும்பங்கு காப்பு அதனுடையது. முட்டிபோட்டால் முழங்காலில் அந்தக் காற்று நசுங்கிப் போகிறது. மூச்சுக் கருவியின் வார் தோளில் அழுத்தும் இடத்திலும் அப்படியே. வியர்வையில் ஊறிய உள்ளடுக்கு சூடானால் நீராவியாகி அதுவே சுடும்.

இந்தக் காப்பின் விலையை உடம்பு கொடுக்கிறது. வெளிவெப்பம் உள்ளே வராத உடையில் உள்வெப்பமும் வெளியே போகாது. உடையும் மூச்சுக் கருவியும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டும். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில் பல ஆண்டுகளாகப் பாதியை ஒட்டியவர்கள் இறப்பது தீயில் அல்ல, மாரடைப்பு போன்ற இதயக் கோளாறுகளில். கனமும் சூடும் மட்டும் காரணமில்லை என்றாலும் அவற்றுக்குப் பங்குண்டு. அதனால்தான் இப்போதைய தரங்கள் எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கிறது என்பதோடு, உடல் வெப்பத்தை எவ்வளவு வெளியே விடுகிறது என்றும் அளக்கின்றன. ஒன்றை ஏற்றினால் மற்றது இறங்கும். இன்றைய இழை ஆராய்ச்சியின் கடினமான முனை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். இன்னும் நூறு டிகிரி கூடுதலாகத் தாங்கும் இழை வந்தால் செய்தியாகும். அதே காப்பை அரைக் கிலோ குறைவான எடையில் தரும் இழைதான் சித்திரை மாதம் மணலியிலோ நெய்வேலியிலோ வேலை செய்பவருக்கு உதவும். ஆணியில் தொங்கும் உயர்தர உடையைவிட, பொத்தான் போட்டு நாள் முழுக்க உடம்பில் இருக்கும் நடுத்தர உடை மேல்.

ஆபத்துக்கேற்ப உடை மாறும் என்பதும் டெண்டர் எழுதும்போது மறந்துபோகிற ஒன்று. உருகிய உலோகம் தெறிக்கும் வார்ப்பாலையில் நோமெக்ஸ், கெவ்லார் போன்ற அராமிட் துணியைவிடத் தடித்த கம்பளியோ பதப்படுத்திய பருத்தியோ நல்லது. உலோகம் ஒட்டாமல் வழிந்துவிடும். உலையின் கதிர்வெப்பத்துக்கு அலுமினியம் பூசிய உடை. மின்வாரியப் பணியாளர் எதிர்கொள்ளும் மின்வில் வெடிப்பில் கண்ணிமைக்கும் நேரத்தில் பெரும் வெப்பம் பாயும். அந்த உடைகளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கலோரி என்று எண் போட்டிருக்கும். 8 கலோரி என்று போட்டிருந்தால் அதுவரை ஒன்றும் ஆகாது என்று பொருளில்லை. அந்த அளவு பட்டால் இரண்டாம் நிலைத் தீக்காயம் உண்டாக நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு என்று பொருள். சிவகாசி பட்டாசுத் தொழிலுக்கு இதையெல்லாம் அப்படியே பொருத்துவதிலும் எச்சரிக்கை வேண்டும். மருந்து குப்பென்று பற்றும்போது நல்ல உடை காயத்தைக் குறைக்கும். வெடிப்பின் அதிர்வை எந்த இழையும் தடுக்காது. அங்கே உயிரைக் காப்பது அறைக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்ற கணக்குதான்.

ஒன்றிய அரசு 2020-இல் தொழில்நுட்ப ஜவுளிகளுக்கு 1,480 கோடி ரூபாயில் தேசிய இயக்கம் ஒன்றை அறிவித்தது. பாதுகாப்பு உடைகளுக்கான சிறப்பு மையம் காஜியாபாத்தின் நிட்ரா நிறுவனம். கோவையில் சிட்ரா மருத்துவத் துணிகளையும் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி தொழிற்சாலைத் துணிகளையும் பார்க்கின்றன. நெய்யவும் தைக்கவும் நம் கொங்கு மண்டலத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வாங்குகிற இடத்தில் மாற்றம் வேண்டும். ‘தீப்பிடிக்காத பருத்திச் சீருடை’ என்று ஒற்றை வரி எழுதி, குறைந்த விலைக்காரருக்குக் கொடுக்கும் வழக்கத்தில் நல்ல இழைக்கு இடமே கிடையாது. எந்தத் தரத்தின்படி, எந்தச் சோதனையில், எத்தனை சலவைக்குப் பிறகு எடுத்த அளவு என்று கேட்டு எழுத வேண்டும். உள்ளே போடும் பனியன் பருத்தியா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே நோமெக்ஸும் உள்ளே பாலியஸ்டருமாக இருந்தால் கொடுத்த காசு வீண்.

சலவையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பதப்படுத்திய பருத்தியைப் பிளீச்சிங் பவுடர் கெடுத்துவிடும். உப்புத் தண்ணீரில் பார் சோப்புப் போட்டுத் துவைத்தால் சோப்புக்கும் தண்ணீரிலுள்ள கால்சியத்துக்கும் பிறக்கும் பிசுக்கு நூலில் படியும். அந்தப் பிசுக்கு எரியும். கிரீஸ் கறை எரியும். விறைப்பாக இருக்கட்டும் என்று வீட்டில் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால், கஞ்சி எரியும். நோமெக்ஸின் குணம் சலவையில் போகாதென்றாலும் அதன்மேல் படிந்தது எரியத்தான் செய்யும். ஆனாலும் நம் ஊரில் இந்த உடைகளைத் தொழிலாளி சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போகிறார். வீட்டில் இருப்பவர்கள் மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கிறார்கள். உடைக்குப் பணம் ஒதுக்கும் நிறுவனம் மென்னீரில் துவைத்து, தையல் பிரிந்ததைத் தீத்தடுப்பு நூலாலேயே தைத்துத் திருப்பித் தரும் சலவைக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும். சட்டைப்பையைச் சாதாரணப் பாலியஸ்டர் நூலால் ஒட்டுப்போட்டிருந்தால், தீ வந்ததும் முதலில் பிரிவது அந்த இடம்தான்.